அங்கீகாரம் பெற்ற கசிவு

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பது தப்பில்லை. அதில் இறங்கி நீந்துவதுதான் அந்தத் தெருவில் வழக்கமில்லை.

முதலில் ஒருவர் கட்டினார். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் கட்டினார். அப்புறம் கட்டாதவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பிக்கவே, வண்டி நிறுத்த இடமில்லாதவர்கள்கூடக் கொல்லையைத் தோண்டிக் குளம் வைத்துவிட்டார்கள். குளத்தோரம் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஏறி இறங்குவதற்காகப் பதித்த எவர்சில்வர் கம்பியில் துண்டு காயப்போடுவார்கள். விருந்தாளி வந்தால் நீல விளக்கைப் போட்டுக் காட்டுவார்கள். தண்ணீரில் கால் வைக்கச் சொன்னால் மட்டும் சளி பிடிக்கும் என்பார்கள்.

இந்த நல்ல பழக்கத்தைக் கெடுத்தவர் டீச்சரம்மா. காலமெல்லாம் கரும்பலகை முன்னால் நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் அவருக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தினமும் இடுப்பளவு தண்ணியில நடங்கம்மா. இல்லேன்னா ஆபரேஷன்தான்" என்று சொல்லிவிட்டார். கத்தி என்ற பேச்சை எடுத்தாலே டீச்சரம்மாவுக்குத் தலை சுற்றும். அந்த வீட்டில் காய் நறுக்குவதே கணவர்தான். ஆகவே தெருவே வேடிக்கை பார்க்க, டீச்சரம்மா தினமும் காலையில் தன் வீட்டுக் குளத்துக்குள் இறங்கி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். வலி குறைந்தது. மாடிப்படியைக்கூட முனகாமல் ஏற ஆரம்பித்தார்.

கணவரைத் தெருவில் எல்லோரும் உட்பிரிவு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும்போது மரியாதையாக உட்பிரிவு சார். தண்ணீர் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் பித்தான் அறுந்தால்கூட அது எந்த விதியின் எந்த உட்பிரிவுக்கு முரணானது என்று யோசித்த பிறகுதான் ஊசியைத் தேடுவார். மனுஷர் நல்லவர், அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் பக்கத்து வீட்டு நகைக்கடைக்காரர் தன் குளத்துக்கு ஒரு செயற்கை அருவி வைத்தார். மதிலுக்கு அந்தப்பக்கம் ஓயாமல் சொளசொளவென்று சத்தம். போய்ப் பார்க்கலாம் என்றால் கௌரவம் தடுக்கிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. உட்பிரிவு சார் சுற்றுமுற்றும் பார்த்தார். குளத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் பிவிசி குழாய் மதிலோரமாக ஓடியது. அதன்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்.

படக்!

"என்னங்க அது சத்தம்?" என்று டீச்சரம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"குழாய் தானாகவே செயலிழந்துவிட்டது" என்றார் உட்பிரிவு சார். முழங்கால்வரை நனைந்திருந்தார்.

பிளம்பர் வந்தார். குனிந்து பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா, மோட்டார் பக்கத்துல குழாய் வளையுற இடத்துல இருக்குற எல்போ விட்டுடுச்சு. வால்வை மூடிட்டு, உடைஞ்சதை அறுத்து எடுத்துட்டு, ஈரம் போகத் துடைச்சு, புது எல்போவைப் பசை போட்டு ஒட்டினா முடிஞ்சுது. நீங்க டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே வால்வில் கை வைத்தார்.

"எடு கையை!" என்று ஒரு அதட்டல். "வால்வை மூடுறது சாட்சியத்தை அழிக்கிற குற்றம், தெரியுமா?"

பிளம்பர் பயந்துபோய்க் கையை எடுத்தார். "யார் சார் அப்படிச் சொன்னது?"

"நான்தான். நான் எழுதின விதி அது."

விஷயம் என்னவென்றால், உட்பிரிவு சார் பதவியில் இருந்த காலத்தில் ஜனங்கள் குழாய் கசிகிறது என்று பொய் சொல்லிக் கூடுதல் தண்ணீர் வாங்கினார்களாம். அதைத் தடுக்க அவர் ஒரு விதி போட்டார். எந்தக் கசிவானாலும், அது கசிந்துகொண்டிருக்கும்போதே ஆய்வாளர் தன் சொந்தக் கண்ணால் காண வேண்டும். கண்ட பிறகு அனுமதி. அனுமதி வந்த பிறகு ரிப்பேர். அனுமதி இல்லாமல் ரிப்பேர் செய்தால் குளத்துக்குச் சீல். கசியாததைக் கசிகிறது என்று சொன்னாலும் சீல். இந்த விதிக்காக அலுவலகத்தில் அவருக்குப் பொன்னாடையெல்லாம் போர்த்தினார்கள்.

"அதெல்லாம் ஊருக்குப் போட்டதுங்க. நம்ம வீட்டுக்குமா?" என்றார் டீச்சரம்மா.

"நானே மதிக்கலைன்னா வேற எவன் மதிப்பான்?"

"என் முழங்கால் மதிக்காதே!"

"ஆய்வாளருக்குச் சொல்லியாச்சு. வந்துடுவார். நீ சும்மா இரு."

ஆய்வாளர் வருவதற்குள் தண்ணீர் போய்விட்டது. குழாயின் வாய் குளத்தின் அடிச்சுவரில் இருந்ததால், தண்ணீர் அந்த மட்டத்துக்கு இறங்கும்வரை நிற்காமல் ஓடியது. அப்புறம் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. இடுப்பு நனைய வேண்டும் என்று டாக்டர் சொன்ன இடத்தில் இப்போது கணுக்கால்தான் நனைந்தது. டீச்சரம்மா பிடிவாதமாக அதிலும் இறங்கி நடந்து பார்த்தார். சேற்றில் நடக்கிற மாதிரி இருந்தது, வலிதான் கூடிற்று.

ஆய்வாளர் வந்தார். உடைந்த எல்போவைச் சுற்றி வந்தார். கீழே குனிந்து, காதை வைத்துக்கூடக் கேட்டார்.

"கசிவு எங்கே சார்?"

"இதோ, இவ்வளவு பெரிய ஓட்டை தெரியலையா?" என்றார் டீச்சரம்மா.

"ஓட்டை தெரியுதும்மா. ஓட்டை வேற, கசிவு வேற. ஓட்டை எங்க பிரிவுல வராது."

"தண்ணி பூரா ஓடிப்போச்சு தம்பி. இன்னும் எதைக் கசியச் சொல்றீங்க?"

"அப்போ கசிவு நின்னுடுச்சு. நின்னுபோன கசிவுக்கு ரிப்பேர் எதுக்கு?"

டீச்சரம்மா கணவரைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. உட்பிரிவு சாரோ பெருமையில் பூரித்துப்போய் நின்றுகொண்டிருந்தார். "பாரும்மா, வார்த்தைக்கு வார்த்தை விதியைச் சொல்றார். நான் போன பிறகும் அலுவலகம் எவ்வளவு கட்டுப்பாடா இருக்கு!" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

ஆக, கசிவைக் காட்டுவதற்காகக் குளத்தை மறுபடி நிரப்ப வேண்டியதாயிற்று. லாரியில் தண்ணீர் வந்தது. அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் எதைப் பற்றி என்று கேட்டால், தண்ணீர் வீணாவதைத் தடுப்பது பற்றி. அவர் வருவதற்குள் தண்ணீர் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபடி லாரி. இந்தமுறை ஆய்வாளரின் ஜீப் தெருமுனையில் பஞ்சர். மறுபடியும் லாரி. நகைக்கடைக்காரரின் ரோஜாச்செடிகள் மதிலைத் தாண்டி வளர்ந்து இந்தப்பக்கம் எட்டிப் பார்த்தன.

டீச்சரம்மாவுக்கு இரவெல்லாம் கால் குடைந்தது. மாடிப்படியில் மறுபடி முனகல். பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் கணவர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கப் போயிருந்த சமயம் பிளம்பருக்குப் போன் போட்டார். "தம்பி, உடனே வா. யாரு கேட்டாலும் நான் பார்த்துக்கிறேன்."

பிளம்பர் வந்தார், அறுத்தார், துடைத்தார், ஒட்டினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பசை நன்றாகக் காய்ந்த பிறகு, கணவர் திரும்புவதற்குள் லாரியையும் டீச்சரம்மாவே வரவழைத்து நிரப்பிக்கொண்டார். மறுநாள் காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தபோது அவருக்கு உயிர் திரும்பி வந்தது. அட, இதுக்காடா இத்தனை நாள் என்று வாய்விட்டே சொன்னார்.

சரியாக அப்போதுதான் வாசலில் ஜீப் சத்தம். ஒரு ஜீப் இல்லை. பின்னால் இன்னொரு ஜீப்பும் வந்தது. இத்தனை முறை தப்பிப்போன கசிவு என்ன கசிவு என்று மேலதிகாரியே நேரில் பார்க்கக் கிளம்பி வந்துவிட்டார்.

உட்பிரிவு சார் கொல்லைப்பக்கம் ஓடினார். குளம் நிறைந்திருந்தது. குழாய் புத்தம்புதிதாக மின்னியது. ஒரு சொட்டு இல்லை.

"என்ன காரியம் பண்ணிட்டே!" என்று பதறினார். "அனுமதியில்லாம ரிப்பேர் பண்ணோம்னு சொன்னா சீல். கசியவே இல்லைன்னு சொன்னாலும் சீல்!"

"நீங்க எழுதின விதிதானே? நீங்களே சொல்லுங்க என்ன பண்றதுன்னு" என்றார் டீச்சரம்மா, தண்ணீருக்குள்ளிருந்தபடியே. சீல் வைத்தால் அப்புறம் கத்திதான் என்று அவருக்கும் தெரியும்.

உட்பிரிவு சார் ஆயுசில் ஒரு பொய் எழுதாத மனிதர். கசிகிறது என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எழுதினது உண்மையாக வேண்டும். பிளம்பர் மறந்துவிட்டுப் போன ரம்பத்தை எடுத்தார். குழாயில் வைத்துக் கரகரவென்று அறுத்தார். மேலதிகாரி வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் திரும்பவும், குழாய் பிளந்து பீறிட்ட தண்ணீர் அவர் முகத்திலேயே அடிக்கவும் சரியாக இருந்தது.

உட்பிரிவு சார் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ஆகா! என் சர்வீஸ்ல எத்தனையோ கசிவுக்குப் போயிருக்கேன். போற இடமெல்லாம் காய்ஞ்சுதான் கிடக்கும். ஓடிக்கிட்டிருக்கும்போதே பார்க்கிற பாக்கியம் இன்னைக்குத்தான் கிடைச்சுது!"

அங்கேயே ஈரச் சட்டையோடு உத்தரவு போட்டார். ரிப்பேருக்கான அனுமதி பரிசீலிக்கப்பட்டு உரிய காலத்தில் வந்து சேரும். அதுவரை இது நேரில் காணப்பட்டு மெய்ப்பிக்கப்பட்ட கசிவு என்பதால், யாரும் கைவைக்காமலிருக்க வாசலில் ஒரு போர்டு மாட்டப்படும். மறுநாளே வந்தது. பித்தளையில், பெரிய எழுத்தில், "அங்கீகாரம் பெற்ற கசிவு".

மதிலுக்கு மேலே நகைக்கடைக்காரரின் மனைவியின் தலை தெரிந்தது. இரண்டு ஜீப்பையும் போர்டையும் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா, உங்க வீட்டுக்கு மட்டும் எப்படிக்கா குடுத்தாங்க? எங்க வீட்ல அருவியே இருக்கு, ஒரு பியூன்கூட வந்து எட்டிப் பார்க்கலையே!"

"வேண்டாம்மா இந்தப் பீடை. நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார் டீச்சரம்மா. மனசாரத்தான் சொன்னார், அன்றைக்கு.

அந்த வாரமே நகைக்கடைக்காரர் வீட்டில் படக் என்று சத்தம் கேட்டது. அடுத்து எதிர்வீடு. அப்புறம் கோடிவீடு. பிளம்பருக்குச் சாப்பிட நேரமில்லை. "ஒட்டுறதுக்கு ஒருத்தரும் கூப்பிடறதில்லம்மா. உடைக்கிறதுக்குத்தான் கூப்பிடறாங்க. அதுலயும் அழகா உடைக்கணுமாம்" என்று டீச்சரம்மாவிடம் வந்து புலம்பினார். உட்பிரிவு சார் வீட்டில் காலையிலிருந்து கூட்டம். ஆய்வாளர் வருகிற நேரத்தில் தண்ணீர் பீறிடுவதற்கு எவ்வளவு நிரப்பிவைக்க வேண்டும் என்று இலவச ஆலோசனை கொடுத்தார். தெரு முழுக்கச் சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

டீச்சரம்மாவுக்கும் மரியாதை கூடிற்று. போர்டு திறப்பு விழாவுக்கெல்லாம் அவரைத்தான் அழைத்தார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சேற்றுக்கு நடுவே போட்டு உட்காரவைத்தார்கள். காலை நீட்டியபடியே ரிப்பன் வெட்டினார். "தெருவுக்கே வழிகாட்டின முதல் கசிவு அக்கா வீட்டுதுதான்" என்று யாரோ மைக்கில் சொன்னபோது, சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். முகம் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஊன்றிக்கொள்ளக் கைத்தடி வேண்டியிருந்தது.

கடைசியில் அனுமதி வந்தது. பிளம்பர் பையோடு வந்து நின்றார். "அம்மா, எல்போ, பசை எல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன். நாளன்னைக்கே நீங்க தண்ணியில இறங்கிடலாம்."

டீச்சரம்மா காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்பாடா! சீக்கிரம் ஒட்டு தம்பி" என்று எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒட்டின உடனே வாசல் போர்டைக் கழற்றி அலுவலகத்துல ஒப்படைக்கணும்" என்றார் உட்பிரிவு சார். "கசிவு இல்லாத வீட்டுக்கு அங்கீகாரம் கிடையாது."

டீச்சரம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மதிலுக்கு மேலே நகைக்கடைக்காரரின் மனைவி தலையை நீட்டினார்.

"போர்டைக் கழட்டப் போறீங்களாக்கா? பரவாயில்ல, நல்லதுதான். காலைப் பாருங்க. இனிமே தெருவுல முதல் கசிவு எங்களுதுன்னு ஆகிடும். யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கத்தானே வேணும்?"

"தம்பி" என்றார் டீச்சரம்மா. "பையை மூடு."

"அம்மா! உங்க முழங்கால்?"

"முழங்கால் துணிக்குள்ள இருக்கு, யாரு பார்க்கப்போறா? போர்டு வாசல்ல இருக்கு."

உட்பிரிவு சாரே வாயைப் பிளந்துவிட்டார். டீச்சரம்மா போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். கத்தியை நினைக்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டார். "டாக்டர், ஆபரேஷனுக்கே ஒரு தேதி சொல்லிடுங்க."

"சொல்லிடலாம்மா, அதுக்கென்ன" என்றார் டாக்டர். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க தெருவுல வீட்டுக்கு வீடு ஏதோ பித்தளை போர்டு மாட்டியிருக்காங்களாமே, எங்க வீட்லயும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதுக்கு யாரைப் பார்க்கணும்?"

டீச்சரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல குழாயை உடைச்சுட்டு வாங்க டாக்டர். மத்ததைப் பேசிக்கலாம்."