முன்னோர் பொறுக்கிகள்

மனிதர்களில் முன்னோர் பொறுக்கிகள் என்று ஓர் இனம் உண்டு. பெயரைக் கேட்டதும் கோபப்படாதீர்கள். சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்த்து, முற்றலை ஒதுக்கி, இளசாக இருப்பதை மட்டும் கூடையில் போடுகிறோமே, அதுபோல இறந்துபோனவர்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, 'இவர் எங்களவர்' என்று வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் இவர்கள். இவர்களுக்குத் தளபதி கிடைப்பார், மந்திரி கிடைப்பார், அரண்மனை வைத்தியர் கிடைப்பார். அந்த அரண்மனையில் பாத்திரம் தேய்த்தவர் மட்டும் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. பாவம், அவருக்குப் பிள்ளையே பிறக்கவில்லையா?

இந்த இனத்தை நான் தூரத்தில் நின்று ஆராய்ந்தவன் அல்லன். பெயர் அருணகிரி, வயது நாற்பத்தாறு, வீடு வேலூர் சத்துவாச்சாரியில், வேலை ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் தர மேற்பார்வை. சென்ற வருடம் ஏழு மாத காலம் நான் ஒரு வைக்கிங்காக இருந்தேன்.

எப்படி ஆனேன் என்கிறீர்களா? மிகவும் சுலபம். கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் உங்கள் வம்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறோம் என்றார்கள். துப்பினேன். ஆறு வாரத்தில் பதில் வந்தது. தெற்காசியா தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று. ஸ்காண்டிநேவியா, அதாவது வைக்கிங் என்ற பழைய கடல் வீரர்களின் நார்வே, ஸ்வீடன் பக்கம், பூஜ்யம் புள்ளி ஒன்பது.

அந்த இரண்டாவது வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள். முதல் வரியை ஒரு தரத்துக்கு மேல் படிக்கவில்லை. என் மனைவி நந்தினியிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

"மீதி தொண்ணூத்தொம்பது புள்ளி ஒண்ணு இன்னாங்க?" என்றாள்.

"அது எல்லாருக்கும் இருக்கறதுதான்."

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். "பரீட்சைல பூஜ்யம் புள்ளி ஒம்போது எடுத்தவன நாங்க பாஸ் போடறதில்ல," என்று சொல்லிவிட்டு விடைத்தாளைத் திருத்தப் போய்விட்டாள்.

பொறுக்கியின் முதல் அடையாளம் தாடி. அக்னி நட்சத்திரத்தில், வேலூர் வெயிலில், கழுத்துவரை தாடி வளர்த்தேன். இரண்டாவது அடையாளம் அறிவு. என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது. ஓடின் என்ற வட கடல் தேசத்துப் பெருந்தெய்வத்தின் குதிரைக்கு எட்டுக் கால் என்றும், அவருடைய காக்கை இரண்டில் ஒன்றின் பெயர் முனின் என்றும் தெரியும். 'ஓடினா? எங்க ஓடினாரு?' என்பாள் நந்தினி. முனின் பெயரைச் சொன்னபோது நம் முனீஸ்வரனா என்று கேட்டாள். மூன்றாவது அடையாளம் வழிபாடு. அந்தப் பழைய தெய்வங்களை இன்றும் மனமார வணங்குகிற மக்கள் அந்த நாடுகளில் இருக்கிறார்கள். ஆஸாட்ரு என்று அந்த நெறிக்குப் பெயர். அவர்களோடு என்னையும் சேர்த்துக்கொண்டேன், அவர்களைக் கேட்காமலே. வியாழக்கிழமை இடிக்கடவுள் தோரின் நாள். நந்தினி குரு பகவானுக்கு விளக்குப் போடக் கோயிலுக்குப் போக, நான் மொட்டை மாடிக்குப் போய் எருமைக் கொம்பில் தேனும் பன்னீர் சோடாவும் ஊற்றிக் கிழக்கே பார்த்துத் தெளிப்பேன். வடக்கேதான் தெளிக்க வேண்டும். ஆனால் வடக்கே பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருப்பார்.

அந்தக் கொம்பை வினிகரில் பதினைந்து நாள் ஊறப்போட்டும் நாற்றம் போகவில்லை. ஆனாலும் அதில்தான் குடித்தேன். வீரம் என்றால் சும்மாவா? ஆஸாட்ருகாரர்களில் சிலர் போற்றும் ஒன்பது அறங்களை அச்சடித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முதலாவது தைரியம், இரண்டாவது வாய்மை. நந்தினி ஏழாவதை மட்டும் படித்தாள். அது உழைப்பு. "கேஸ் சிலிண்டர மாத்திடுங்க," என்றாள்.

இதெல்லாம் வீட்டோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. பொறுக்கி எடுத்த முன்னோரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க எந்தப் பொறுக்கியாலும் முடியாது. நாலு பேர் பார்க்க வேண்டுமே!

எங்கள் கம்பெனிக்கு நார்வேயிலிருந்து ஒரு புது ஆர்டர் வரும்போல இருந்தது. குளிர்கால பூட்ஸ். அது வந்தால் தையல் பிரிவில் இருநூறு பெண்களுக்கு வருடம் முழுக்க வேலை. வராவிட்டால் பாதிப் பேரை நிறுத்திவைக்க வேண்டிய நிலைமை. சாம்பிள்களைப் பார்க்க மாரித் என்ற அம்மாள் அங்கிருந்து நேரில் வருவதாக இருந்தார். அவர் வருவதற்குள்ளேயே எங்கள் ஆட்கள் அவருக்கு மாரியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கோ நிலைகொள்ளவில்லை. என் இரத்தம் என்னைத் தேடி வருகிறது! சும்மா வணக்கம் சொல்லி வரவேற்பதா?

பூட்ஸின் பின்புறம், குதிகாலுக்கு மேலே, ஒரு சின்னத் தோல் பட்டை வரும். அதில் அவர்களுடைய பழைய எழுத்து ஒன்றைப் பதித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இணையத்தில் தேடிப் பொறுக்கினேன். பூர்வீகச் சொத்து என்று பொருள் தரும் எழுத்து. இதைவிடப் பொருத்தம் உண்டா?

சாம்பிள் அறையின் மாஸ்டர் ஷபீ அஹமது. பதினெட்டு வருடமாக என்னோடு வேலை பார்ப்பவர், எருமைக் கொம்பை இழைத்துக் கொடுத்தவரும் அவர்தான். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா கிரி இது, மீனு வால ஊனி நிக்கற மாதிரி கீது?"

"வடநாட்டு எழுத்து பாய்."

"ஹிந்தியா?"

"அதுக்கும் ரொம்ப வடக்க."

"மொதலாளி கிட்ட சொல்லிட்டியா?"

"சர்ப்ரைஸ் பாய்."

"உனுக்கு சர்ப்ரைஸு, எனுக்குப் பேஜாரு," என்றார். ஆனாலும் அச்சு வெட்டி, சாம்பிள் பூட்ஸ் பன்னிரண்டு ஜோடியிலும் பதித்துக் கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது.

மாரித் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த முடி, பருத்திச் சட்டை, வெயிலில் சிவந்த மூக்கு. முதலாளி முக்தார் அகமது, நான், ஷபீ பாய் மூவரும் நின்றோம். அவர் ஒரு பூட்ஸை எடுத்தார், தையலைத் தடவிப் பார்த்தார், தலையசைத்தார், பின்பக்கம் திருப்பினார். நான் புன்னகையோடு அரை அடி முன்னால் நகர்ந்தேன்.

அவர் பூட்ஸை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். முகத்தில் இரத்தமே இல்லை.

"இதை யார் போட்டது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பிறகு அவரே சொன்னார். அது பழைய எழுத்துதான். ஆனால் இன்றைக்கு அதைக் கொடியிலும் கையிலும் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள், வெள்ளைத் தோல் இல்லாதவர்கள் எல்லாம் தங்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அடிதடியில் இறங்குகிறவர்கள். அவருடைய கணவர் எரித்ரியா என்ற ஆப்பிரிக்க நாட்டிலிருந்து வந்தவர். மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒருநாள் காலை அவர்கள் வீட்டுக் கதவில் இதே குறியை யாரோ கறுப்புச் சாயத்தில் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். மகன் அதை மீன் என்று நினைத்துக் கண் வரைந்தானாம்.

முக்தார் சார் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யார் பண்ணது இது?"

ஒன்பது அறங்களில் முதலாவது அன்று ஃப்ரிட்ஜ் கதவிலேயே தங்கிவிட்டது. இரண்டாவதும் அதற்குத் துணையாக இருந்துவிட்டது. நான் ஒரு பூட்ஸின் நாடாவை முடிந்துகொண்டிருந்தேன். முக்தார் சார் மறுபடி கேட்டார். ஷபீ பாய் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நான்தான் சார். டிசைன் நல்லா இருந்துச்சேன்னு போட்டுட்டேன். அர்த்தம் தெரியாது."

"வீட்டுக்குப் போ. நாளைக்குப் பேசறேன்."

ஷபீ பாய் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜை ஓரத்தில் வைத்தார். என்னைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். போனார். நான் சுவரோரம் ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன். அந்த மரியாதையை மட்டும் குறைவில்லாமல் செய்தேன்.

மத்தியானம் விருந்தாளிக்காகப் பிரியாணி வந்திருந்தது. மாரித் அம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். கத்திரிக்காய்த் தொக்கு இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். கோழைத்தனம் பசியைக் கெடுக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை, கிளப்பிவிடுகிறது.

மூன்று மணிக்கு ஷபீ பாயின் கைபேசிக்கு அடித்தேன். மகள் புஷ்ரா எடுத்தாள்.

"அங்கிள், அப்பா ஒருநாளும் இந்நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்ல. வந்ததிலேர்ந்து செவுத்தயே பாத்துட்டு உக்காந்திருக்காரு. கம்பெனில இன்னா ஆச்சு அங்கிள்?"

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. பதில் நாலே வார்த்தை. அதைச் சொல்லாமல் "அப்பறம் பேசறேம்மா," என்று வைத்துவிட்டேன். வைத்தபின் என் மேஜைமேல் இருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டில் ஒரு தாடிக்கார முகம் தெரிந்தது. ஏழு மாதமாக நான் மிகவும் ரசித்த முகம். சகிக்கவில்லை.

எழுந்து முதலாளி அறைக்குப் போனேன். மாரித் அம்மாளும் அங்கேதான் இருந்தார்.

"சார், ஷபீ பாய் இல்ல. போடச் சொன்னது நான்தான்."

"அப்போ காலைல இன்னா பண்ணிட்டு இருந்தே?"

"பயந்துட்டு இருந்தேன் சார்."

ஏன் செய்தாய் என்று அந்த அம்மாள் கேட்டார். சொன்னேன். எச்சில், குழாய், தோர், பன்னீர் சோடா, எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை சதவீதம் என்று கேட்டார். சொன்னேன். காதில் சரியாக விழவில்லை போல மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு சின்ன எண்ணை அவ்வளவு உரக்கச் சொன்னது கிடையாது.

அவர் சிரிக்கவில்லை. தன் சித்தி மகள் ஒருத்தி ஆஸாட்ருவைச் சேர்ந்தவள் என்றார். காட்டுக்குள் கூடி, தெய்வங்களுக்குப் பானம் ஊற்றி, கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அவளுடைய கூட்டத்தில் யார் வந்தாலும் உட்கார இடம் தருவார்கள். இரத்தம் எத்தனை சதவீதம் என்று கேட்கமாட்டார்கள். தங்கள் எழுத்தை ரவுடிகள் திருடிக்கொண்டதில் அவர்களுக்குத்தான் அதிகக் கோபம் என்றார். பிறகு, "என் முன்னோர் யார் தெரியுமா? என் தாத்தா துறைமுகத்தில் மீனுக்கு உப்புப் போடுகிறவர். பள்ளிக்கூடத்தில் அவரைக் கப்பல் தலைவர் என்று சொல்லிவைத்திருந்தேன்," என்றார்.

அப்போது என்னையறியாமல் வாயிலிருந்து வந்தது. "எங்கப்பா தோலுக்கு உப்புப் போட்டவர் மேடம். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில். முப்பத்தோரு வருடம்."

கம்பெனியில் பதினெட்டு வருடமாக, அப்பா என்ன செய்தார் என்று யார் கேட்டாலும், 'கவர்மெண்ட்ல இருந்தாரு' என்று சொல்லிவந்தவன் நான். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது சொல்லிவிட்டு முக்தார் சாரைப் பார்க்கத் தைரியமில்லாமல் நின்றேன்.

"தனகோடி," என்றார் அவர். "தெரியும். உன்ன வேலைக்கு எடுத்துக்கச் சொல்லி எங்கப்பா கிட்ட வந்து நின்னவரே அவர்தான்யா. நீ 'கவர்மெண்ட், கவர்மெண்ட்'னு சொல்லும்போதெல்லாம் நானும் பாத்துட்டுதான் இருக்கேன்."

பட்டையை மாற்றிப் புது சாம்பிள் செய்துகொடுத்தோம். ஆர்டர் வந்தது. எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வரும் நாட்களில் நான் பின்கட்டில் சோல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்ன அன்று மாலையே ஷபீ பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ கொடுத்தார். "ரெண்டு பேரா மாட்ட வேணாம்னுதான் சொன்னேன். ஆனா நீ சொல்லிடுவேன்னு பாத்தேன் கிரி, வாசல் தாண்டறவரைக்கும் பாத்தேன்," என்றார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. நான் எந்தத் துண்டுக் காகிதத்தை நீட்டினாலும் இப்போது கீழே என் கையெழுத்துக் கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவர்மெண்ட் கதை உட்பட. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தம்மா தாத்தாவுக்கும் உப்புல கை வெடிச்சிருக்குமே. கேட்டியா?" என்றார்.

"கேக்கலப்பா."

"கேட்டிருக்கலாம்," என்றார்.

தாடியை எடுத்துவிட்டேன். திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் கழித்து அந்த எச்சில் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல். தகவல் தொகுப்பைப் புதுப்பித்திருக்கிறார்களாம். ஸ்காண்டிநேவியா பூஜ்யம். ஒரே வரியில் என் வட கடல் வம்சம் முழுவதும் மூழ்கிவிட்டது. அதற்குப் பதிலாக மத்திய ஆசியா பூஜ்யம் புள்ளி ஆறு.

நந்தினி அறைக்குள் வந்தபோது நான் மங்கோலியக் குதிரைகளைப் பற்றி முக்கால் மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இந்த நோய் இல்லை, எச்சில் துப்பி அனுப்புகிற புத்தியும் இல்லை. நல்லது. ஆனால் போன மாதம் அந்தக் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத மனிதரிடம், "நாங்க ஒரிஜினலா இந்த ஊர்க்காரங்க இல்லீங்க," என்று ஆரம்பித்து, ரசம் முடிந்து மோர் வரும்வரை பேசினீர்களே, அதில் தாத்தாவுக்குத் தாத்தா ஏறின குதிரை ஒன்று வந்ததா, இல்லையா?