பின்கட்டுப் பங்கஜமும் மறுநாள் மீன் குழம்பும்

வெற்றி பெற்ற எந்தப் பேய்ப் படத்துக்கும் இரண்டாம் பாகம் தேவையில்லை என்று ஜெயவேலு முடிவு செய்தார். அவரை யாரும் கேட்கவில்லை. படம் எடுப்பவர்களும் கேட்கவில்லை, பார்ப்பவர்களும் கேட்கவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயந்திரம், சேலையூர் கேம்ப் ரோட்டில், தன்னுடைய எலெக்ட்ரிகல் கடை வாசலில் நின்றபடியே அந்த முடிவை எடுத்தார்.

காரணம், எதிரே வந்து நின்ற பஸ்ஸின் முதுகு. அதில் ஈரத் தலைமுடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் இவரையே பார்த்தாள். கீழே எழுத்துகளில் ரத்தம் சொட்டியது. 'பின்கட்டுப் பங்கஜம், பாகம் இரண்டு.'

பஸ் நகர்ந்தது. அவள் கண்கள் மட்டும் நகராத மாதிரி இருந்தது. ஜெயவேலு கடைக்குள் போய், விற்பனைக்கு மாட்டியிருந்த விளக்குகள் அத்தனையையும் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். ஜெயவேலுவுக்குப் பேய் என்றால் பயம். ஆனால் தெருவில் அவருக்கு வேறு பெயர். முச்சந்தியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தபோது ஊரே சுற்றிக்கொண்டு போக, "பேயாவது பிசாசாவது" என்று காலால் எட்டி உதைத்தவர் அவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தரம் தலை முழுகியதும், அந்தச் செருப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டதும் தெருவுக்குத் தெரியாது. மனைவி சுபத்ராவுக்கும் தெரியாது என்று அவர் நம்பினார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றிய வீரம் அது.

முதல் பாகத்திலேயே அதற்கு ஆபத்து வந்தது. அந்தப் படத்தில் பங்கஜம் வீட்டுப் பின்கட்டில் சொட்டும் குழாயிலிருந்து வருவாள். பார்த்துவிட்டு வந்த மறுநாளே ஜெயவேலு வீட்டிலிருந்த எல்லாக் குழாய்க்கும் புது வாஷர் போட்டார். பின்பக்கம் இருந்த மோட்டார் சுவிட்சைத் தானாகவே அணைகிற சுவிட்சாக மாற்றினார். "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்" என்றார். பொழுது சாய்ந்தால் பின்பக்கம் போவதில்லை. கேட்டால் கொசு என்பார்.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே சுபத்ரா சாமி விளக்கை ஏற்றிவிட்டு, குங்குமத்தோடு திரும்பினாள். மகள் நிஷாவோடு போனில் பேசிய உற்சாகம் முகத்தில் இருந்தது.

"என்னங்க, நம்ம பங்கஜம் ரெண்டாம் பாகம் வந்துடுச்சாம். நிஷா போன் பண்ணா. அவ நாவலூர் ஆபீஸே அதப் பத்தித்தான் பேசுதாம்."

"நான் அதப் பத்தி ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"படத்துக்கு எதுக்குங்க முடிவு? அதான் அவங்களே வைப்பாங்களே."

"சிரிக்காத சுபத்ரா. கொள்கை ரீதியாச் சொல்றேன். பங்கஜத்துக்கு மொத பாகத்துலயே சாந்தி ஆயிடுச்சு. பூசாரி தண்ணி தெளிச்சாரு, அவளும் மேல போயிட்டா. மேல போனவளக் கீழ இழுக்கறது பாவம்."

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் நாம விட்டுடறோமா? தலைத் திவசம் இல்லையா? அப்புறம் வருஷா வருஷம் இல்லையா?"

"அது திவசம். இது வசூல். மொத பாகத்துல பேயை ஓட்டினாங்க. இதுல படத்தை ஓட்டப் பாக்கறாங்க."

சொல்லிவிட்டுத் தானே மெச்சிக்கொண்டார். சுபத்ரா நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அவ எங்க மேல போனா? கடைசியில கிணத்துக்குள்ளேருந்து வளையல் போட்ட கை ஒண்ணு வெளிய வந்துச்சே. நீங்க பாக்கலையா?"

ஜெயவேலு பார்க்கவில்லை. பாதிப் படத்துக்குமேல் அவர் எதையுமே பார்க்கவில்லை. காதால்தான் பார்த்தார்.

"பாத்தேன் பாத்தேன். அது... தியேட்டர்ல வேற யாரோட கையோன்னு நெனச்சேன்."

"ஓ" என்றாள் சுபத்ரா. பிறகு, "நீங்க சொல்றதும் சரிதான். நல்லா ஓடினத அதோட விட்டுடணும். இனிமே நம்ம வீட்ல அதுதான் கொள்கை" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டதே இல்லை. ஜெயவேலு அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை காபி குடித்தார். பேப்பரைப் பிரித்தபடி வழக்கம்போல் டம்ளரை மறுபடியும் நீட்டினார். சுபத்ரா வாங்கிக்கொள்ளவில்லை.

"மொத காபி எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"அப்ப இன்னொண்ணு எதுக்கு? நல்ல காபிக்கு ரெண்டாம் பாகம் எடுத்தா பேரு கெட்டுடும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டம்ளர் கழுவப் போய்விட்டது.

ராத்திரி தோசை. நெய் மணக்க முறுகலாக ஒன்று வந்தது. அடுத்தது வரவில்லை. இந்தத் தடவை ஜெயவேலு தயாராக இருந்தார். நன்றாக இருந்தது என்று சொன்னால்தானே வம்பு.

"தோசை எப்படிங்க?"

"ஏதோ சுமார்."

"சுமாரான படத்துக்கு யாராச்சும் ரெண்டாம் பாகம் எடுப்பாங்களா?" என்று சொல்லி அவள் அடுப்பை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவளத்திலிருந்து அங்காளம்மாள் மீன் கூடையோடு வந்து இறங்கினாள். இந்தத் தெருவுக்கு வாரா வாரம் மீன் கொண்டுவருகிறவள். வந்ததும் ஜெயவேலுவைத்தான் பார்த்தாள்.

"இன்னா நைனா, மூஞ்சி வாடிக் கீது? வூட்ல ஒயுங்கா துன்றது இல்லியா?"

"அவருக்கு ஒரு கொள்கைம்மா" என்றாள் சுபத்ரா. "எதுவானாலும் ஒரு தரம்தான். ரெண்டாவது ஆகாது."

"இன்னா பேஜாரு கொள்கை இது? சங்கரா ஃப்ரெஷ்ஷா கீது. நாளிக்கும் சேத்து வாங்கி வையி. கொயம்பு மறுநாள்தான் கொயம்பு."

ஜெயவேலு முந்திக்கொண்டார். "சேத்தே போடு அங்காளம்மா."

முந்தின நாள் அரைப் பட்டினிக்கு அந்தக் குழம்பு மருந்தாக இருந்தது. ஆனால் அவருடைய உண்மையான நாட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இல்லை. திங்கட்கிழமை காலையில்தான். அன்றைக்கு அவர் கடைக்கு வார விடுமுறை. ராத்திரியெல்லாம் மண்சட்டியில் கிடந்து, புளியும் காரமும் மீனுக்குள் இறங்கி, எண்ணெய் மேலே மிதக்க, சுண்டக் காய்ச்சிய அந்தக் குழம்பை இட்லியின் தலையில் ஊற்றிக்கொள்வதற்காகத்தான் அவர் வாரம் முழுக்க உழைத்தார்.

திங்கட்கிழமை இட்லி வந்தது. பக்கத்தில் தேங்காய்ச் சட்னி வந்து உட்கார்ந்தது.

"குழம்பு எங்க?"

"எந்தக் குழம்புங்க?"

"நேத்து வச்ச குழம்பு."

"அதுவா? அது நேத்து மத்தியானமே நல்லா ஓடி முடிஞ்சிடுச்சே. உங்க கொள்கை ஞாபகம் வந்துச்சு. எடுத்து தபீதாள் வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

ஜெயவேலு எழுந்தார். கையில் இட்லியோடு காம்பவுண்டுச் சுவர்வரை போனார். சுவருக்கு அந்தப் பக்கம் வாசற்படியில் உட்கார்ந்து தபீதாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஃபிரெடியின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறாதவள், இவரை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறவள். வாசனை மட்டும் சுவரேறி இந்தப் பக்கம் வந்தது.

"என்ன தங்கச்சி, டிபன் ஆச்சா?"

"ஆச்சுண்ணா. அக்கா கைக்கு ஸ்தோத்திரம். ஃபிரெடி மூணு இட்லி கூடவே சாப்பிட்டாரு."

"ஆமாமா. என்ன இருந்தாலும் மீன் குழம்பு மொத நாளை விட ரெண்டாம் நாள்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கடிப்பதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது. பின்னால் வளையல் சத்தம். அவருக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. பங்கஜம் இல்லை, சுபத்ராதான்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"மொத நாளை விட ரெண்டாம் நாள் எப்படின்னீங்க?"

"குழம்பு வேற, படம் வேற சுபத்ரா."

"எப்படி வேற?"

"குழம்பு ஊறும். ஊற ஊற ருசி."

"பங்கஜமும் கிணத்துல ரெண்டு வருஷமா ஊறிட்டுத்தானே இருக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தபீதாளுக்குப் புரையேறியது. ஜெயவேலு கையிலிருந்த வெறும் இட்லியைப் பார்த்தார். அதுவும் வெள்ளையாக, ஈரமாக, பாவமாக அவரையே பார்த்தது.

"சரி" என்றார். "சில வெற்றிகளுக்கு இரண்டாம் பாகம் தேவைதான். ஒத்துக்கறேன்."

"தபீதாள், நீயும் கேட்டுக்க."

"கேட்டேன்க்கா."

சுபத்ரா உள்ளே போனாள். ஜெயவேலு பின்னாலேயே போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். மூடி வைத்திருந்த ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே குழம்பு. நடுவில் மீன் தலை.

"குடுத்துட்டேன்னு சொன்ன?"

"அவங்க பாகத்தக் குடுத்தேன். இது உங்க பாகம்."

ஜெயவேலு இட்லியைக் குழம்பில் தோய்த்தார். ஒருவன் தோற்றுவிட்டு இவ்வளவு ருசியாகச் சாப்பிட முடியும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் கடைசி வாயில்தான் பயம் திரும்ப வந்தது. ஒத்துக்கொண்டாயிற்று. இனி தியேட்டருக்குக் கூப்பிடுவாள். போனால் இத்தனை வருஷத்து வீரமும் இடைவேளைக்குள் கிழிந்துவிடும்.

சுபத்ரா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "சனி ஞாயிறு எல்லாம் ஹவுஸ்ஃபுல்லாம். இன்னிக்குச் சாயந்திரம் குரோம்பேட்டையில டிக்கெட் கிடைச்சிருக்கு. நிஷா ஆபீஸ்லேருந்து நேரா வந்துடுவா. நானும் தபீதாளும் இங்கேருந்து போறோம். நீங்க சிரமப்பட வேணாம். வீட்ல நிம்மதியா இருங்க."

ஜெயவேலுவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. குழம்பும் கிடைத்தது, படத்திலிருந்தும் தப்பித்தாயிற்று. வீரம் அப்படியே முழுசாக இருக்கிறது. அம்மனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். கை கழுவப் போகிற போக்கில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தபீதாளைச் சீண்டவும் செய்தார்.

"என்ன தங்கச்சி, பேய்ப் படத்துக்குப் போறீங்களே, சபையில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"பேய் தோக்கறதப் பாக்கத்தானேண்ணா போறோம். ஜெபம் பண்ணிட்டுத்தான் போவேன்."

மத்தியானம் தூங்கி எழுந்தார். வெயில் இறங்கியிருந்தது. சுபத்ரா கண்ணாடி முன்னால் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தாள். மல்லிகை வாசனை. படத்தில் பங்கஜம் வருமுன் வருகிற வாசனை. வீடு ரொம்ப அமைதியாக இருப்பதை ஜெயவேலு அப்போதுதான் கவனித்தார்.

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

"படம் முடிஞ்சு, நிஷாவைச் சாப்பிட வச்சு அனுப்பிட்டு வர ஒம்பது ஒம்பதரை ஆகும். பின்பக்கத் துணியெல்லாம் மட்டும் இருட்டினதும் எடுத்து வச்சிடுங்க."

"இருட்டினதுமா? இப்பவே எடுத்தா என்ன?"

"காயல."

பின்பக்கம் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. ஈரத் துணியாக இருக்கலாம். ஜெயவேலு தொண்டையைச் செருமினார்.

"ஃபிரெடி வீட்ல இருப்பாரில்ல?"

"ரெண்டாவது ஷிஃப்ட். கிளம்பிட்டாரு."

"சுபத்ரா, நான் யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு பொம்பளைங்க தனியா ஜி.எஸ்.டி. ரோட்ல... காலம் கெட்டுக் கெடக்கு. நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"கேப் சொல்லியாச்சுங்க."

"கேப்காரன் யாரோ எவனோ. ஒரு பாதுகாப்புக்கு நான் வர்றது நல்லதில்லையா?"

"உங்களுக்குப் பிடிக்காத படம். பாவம், மூணு மணி நேரம் நீங்க எதுக்கு?"

"படத்த யாரு பாக்கப் போறா? வெளிய உக்காந்திருக்கேன். வெளிச்சமா ஒரு இடத்துல. வந்தவங்க போறவங்க இருப்பாங்கல்ல, பேச்சுத் துணை..." நிறுத்திக்கொண்டார். "அதாவது, உங்களுக்குத் துணை."

"எதுக்குங்க வெளிய உக்காரணும்? நிஷா நாலு டிக்கெட் போட்டிருக்கா."

"நாலா? நீ, தபீதாள், நிஷா. மூணு பேருதானே?"

சுபத்ரா அலமாரியைத் திறந்தாள். இஸ்திரி போட்டு மடித்துத் தயாராக வைத்திருந்த அவருடைய சட்டையை எடுத்து நீட்டினாள்.

"உங்களுக்கு நடு சீட்டுங்க. ஒரு கைக்கு நான், ஒரு கைக்கு நிஷா. போன தடவை மாதிரி முன் சீட்டுக்காரர் காலரப் புடிச்சிட்டு உக்கார வேணாம் பாருங்க."