இன்னும் நாலு குதிரை

இரண்டு கைகள் ஒரு சின்னக் காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே புகுந்திருக்கின்றன. ஒன்று டார்ச்சைப் பிடித்திருக்கிறது. மற்றொன்று வயர்க் கூட்டத்துக்குள்ளிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவைக் கழற்றி வெளியே எடுக்கிறது. பிறகு இன்னொன்று. பிறகு பச்சை விளக்கு மினுக்கும் மூன்றாவது டப்பா. இது மினுக்குவதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்வதில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

கைகள் மெக்கானிக்குடையவை. டப்பாக்கள், பக்கத்தில் நின்று "பாத்து பாஸ், பாத்து" என்று பதறுகிறவருடையவை. பட்டறையில் இவருக்குக் குதிரை சார் என்று பெயர்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தோடு கடைக்குப் போய்வரவென்றே செய்த ஒரு சின்னக் காரை வாங்கி, வாங்கிய மூன்றாம் வாரமே "எல்லாம் சரி, பிக்கப்தான் பத்தல" என்று ஆரம்பித்து, முகம் தெரியாத பதினெட்டுப் பேரிடம் இணையத்தில் யோசனை கேட்டு, அதில் எட்டுப் பேருக்குக் காரே கிடையாது என்பதைப் பொருட்படுத்தாமல், இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் கம்பெனிக்காரன் வேண்டுமென்றே குதிரைசக்தியில் சில குதிரைகளைக் கட்டிப்போட்டிருக்கிறான் என்ற முடிவுக்கு வருகிறவர் இவர். ஏன் கட்டிப்போட்டான்? அது மட்டும் தெரியாது. பொறாமையாக இருக்கலாம்.

கட்டவிழ்க்கப் பல வழிகள் உண்டு. சொருகினாலே போதும் என்று விற்கிற டப்பா ஒன்று. மெதுவாக மிதித்தால்கூட ஓங்கி மிதித்ததாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் டப்பா ஒன்று. சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து கோள்மூட்டும் டப்பா ஒன்று. இதெல்லாம் வேண்டாமென்றால், பெட்ரோலை எப்போது எவ்வளவு விடுவது என்று சொல்லும் ஃபைலையே அழித்து வேறு எழுதலாம். விவரம் தெரிந்தவர் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நன்றாக விவரம் தெரிந்தவர் பேசாமல் வண்டியை ஓட்டுவார். குதிரை சார் எல்லாவற்றையும் போட்டார். ஒரே வண்டியில். ஃபைல்கூட வேறு ஏதோ இன்ஜினுக்கு எழுதியது. பெயர் நன்றாக இருந்ததால் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவரோடு லிஃப்டில் ஏறியவர்கள் யாரும் குதிரைக் கணக்குக் கேட்காமல் இறங்கியதில்லை. வீட்டில் மைத்துனன் மட்டும் ஒருநாள் கேட்டான்:

"மாமா, மேம்பாலம் ஏறும்போது ஏசிய ஆஃப் பண்றீங்களே, அப்ப அந்தக் குதிரையெல்லாம் எங்க போகுது?"

"உனக்குப் புரியாதுடா. டார்க் வேற, பவர் வேற."

மைத்துனன் இறங்கித் தள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தான் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான். ஆனால் அந்தக் காரைக் காலையில் எடுப்பவர் அவர் மனைவி. டயாலிசிஸ் வார்டு நர்ஸ். மெக்கானிக்குக்கு முந்தின நாளே போன் வந்திருந்தது.

"அண்ணே, சிக்னல்ல நின்னா வண்டி ஆஃப் ஆயிடுது. ஆறு மணிக்கு பேஷண்ட்டெல்லாம் ஊசி குத்தக் காத்திட்டிருக்காங்க, நான் நடுரோட்டுல சாவியத் திருகிட்டு நிக்கிறேன். இந்த மாசம் மூணு தடவை லேட். இன்னொரு தடவை ஆனா வார்டுல இருந்தே எடுத்துடுவோம்னுட்டாங்க. அவர் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க. வாங்கினப்போ இருந்த மாதிரியே குடுங்க, போதும்."

மெக்கானிக்கிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லித் தராமல், ஆரம்ப நாளில் ஒரு கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டுத் தானாகக் கற்றது. எந்த வண்டி வந்தாலும் முதலில் கம்பெனி ஃபைலை நகல் எடுத்து, வண்டி நம்பர் போட்டு, பத்திரமாக வைத்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் குதிரை சார் முதன்முதலில் வந்தபோதும் அப்படித்தான். "இந்த இன்ஜின்ல ஒண்ணும் பெருசா ஏறாது சார்" என்றார். உண்மையைச் சொன்னதால் குதிரை சார் வேறு கடைக்குப் போய்விட்டார். ஃபைல் போகவில்லை.

இப்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டினார். லேப்டாப்பைச் சொருகினார். "எழுதி முடிக்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க. நடுவுல கரண்ட் குறைஞ்சா கம்ப்யூட்டர் அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியாதா பாஸ்?" என்ற குதிரை சாரின் விரல், புழுக்கமாக இருக்கிறதென்று ஏசி பட்டன் பக்கம் போனது.

"கைய எடுங்க சார்!"

எடுத்தார். அவர் வாழ்க்கையில் இன்ஜினுக்குச் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

எழுதி முடித்த பிறகும் மெக்கானிக் விடவில்லை. ஏசி, ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, இன்ஜின் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். முள் அசையவில்லை. பிறகுதான் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்.

தெருவை இரண்டு சுற்று சுற்றிவந்த குதிரை சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"பாஸ்! முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. பன்னெண்டு குதிரையாவது ஏறியிருக்கும். என்ன ஃபைல் இது?"

"கம்பெனி ஃபைல் சார். வாங்கினப்போ உள்ள இருந்தது."

குதிரை சார் இடமும் வலமும் பார்த்தார். கண்ணடித்தார். "புரியுது. தொழில் ரகசியம். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"சத்தியமா சார். இங்க பாருங்க, தேதிகூட இருக்கு."

"பேர அப்படித்தான் வச்சிருப்பீங்க." அவர் இன்னும் நெருங்கி வந்தார். "இவ்வளவு பண்ணிட்டீங்க. இன்னும் நாலே நாலு குதிரை மட்டும் ஏத்திடலாமா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த போனில் வேகம் கூட்டும் ஆப் ஒன்றை ஏற்றி, அதை மூன்று நாள் படுக்கவைத்தவர் யார்? அழித்துப் பழையபடி ஆக்கிக் கொடுத்தவரிடம் "இப்பதான் பறக்குது" என்றவர் யார்? மூன்றாம் வாரம் இன்னொரு ஆப் தேடியவர்? கார் இல்லாததால் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மெக்கானிக்கின் வாசலில் உங்களுக்கும் ஒரு ஸ்டூல் இருக்கிறது.

அந்த ஸ்டூலில்தான், டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்த மனைவி, யூனிஃபார்மோடு முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் சாவியோடு வெளியே வந்ததும் இரண்டு கைகள் நீண்டன, ஆளுக்கு ஒன்றாக. குதிரை சாரின் கையில் காகிதப் பை ஒன்றை வைத்தார். உள்ளே மூன்று டப்பாக்கள். பச்சை விளக்கு அணைந்திருந்தது.

"இது மச்சான் வண்டில பொருந்துமா பாஸ்?"

மெக்கானிக் சாவியைத் துணியில் துடைத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

"எத்தனை சிக்னல்ல வேணாலும் நில்லுங்கம்மா."