பெர்கன் பஸ் ஸ்டாப்பில் ஒரு புடவை

இதில் வருவது அத்தனையும் நிஜம். கற்பூரத்தைக் கொளுத்திக் கொடுங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன். ஈரக் கற்பூரமாக இருந்தால் இன்னும் நல்லது.

வேங்கிக்கால் குமரேசன், நார்வே நாட்டுப் பெர்கன் ஊரில் தன் மனைவி மழையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தபோது, அடுப்பில் ரசம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் அணைக்கப் போகவில்லை.

மகள் சிந்துஜாவின் பிரசவத்துக்காக அருணாதேவி அங்கே போய் இரண்டு மாதம் ஆகிறது. ரிடையரான குமரேசன் தனியாக வீட்டைக் காத்தார். வீடு அவரைப் பொருட்படுத்தவில்லை. பேச ஆளில்லாத கொடுமையில், ஊர் உலகத்துத் தெருக்களையெல்லாம் படமாகக் காட்டும் செல்போன் மேப்பில் தினமும் மகள் வீட்டைச் சுற்றி நடந்தார். கிரிவலம் போய்ப் பழகியவர். வீடு எப்போதும் வலப்பக்கம் இருக்கும்படிதான் விரலை நகர்த்துவார். செருப்பையும் கழற்றி வைத்துவிடுவார். படத்தில் ஓயாத மழை. சித்திரை வெயிலில் இவருக்கு ஜலதோஷம் பிடித்தது.

அன்றைக்குத்தான் தெருமுனை பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு புடவை தெரிந்தது. புடவைமேல் ஆம்பளை ஸ்வெட்டர். தலையில் குரங்குக் குல்லா. மடியில் திருவண்ணாமலை ஜவுளிக்கடைப் பை. முகத்தை மங்கலாக்கிய மேப் கம்பெனிப் புண்ணியவான்கள் பையை விட்டுவிட்டார்கள்.

முகம் எதற்கு? இத்தனை வருஷக் குடித்தனத்தில், கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிய தோளைத்தான் அவர் ஜாஸ்தி பார்த்திருக்கிறார். அதே தோள். அதே இறக்கம்.

உடனே போன் போட்டார்.

“எங்க இருக்க?”

“வீட்லதாங்க. கொழந்தைய குளிப்பாட்டினு இருக்கேன்.”

“பக்கத்துல யாராவது இருக்காங்களா? இருந்தா இருமு.”

அருணாதேவி இருமினாள். குளிர்ப் பிரதேசம், அங்கே எல்லாரும் இருமுவார்கள்.

“புரிஞ்சுபோச்சு” என்று வைத்துவிட்டு, மருமகன் வளவனைப் பிடித்தார்.

“ஏன் மாப்ள, பெரிய மனுஷிய மழையில உக்கார வெக்கிறதுதான் உங்க வீட்டு வழக்கமா?”



“உங்களுக்கு யாரு சொன்னா மாமா?”

“என் கண்ணால பாத்தேன்.”

“தப்புதான் மாமா. நானாவது கேட்டிருக்கணும். பயந்துட்டேன்.”

சிந்துஜா போனைப் பிடுங்கினாள். “யப்பா, இந்த விஷயத்துல நீ தலையிடாத, சொல்லிட்டேன்!”

அதற்குப் பிறகு அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. குமரேசன் படத்தைத் திறந்தார். இன்னும் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலமும் எழவில்லை. ராத்திரியும் அங்கே வெளிச்சமாகத்தான் இருந்தது. நார்வேயில் சூரியன் மறையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் ஃபிளெக்ஸ் கடை ரஹமத்திடம் போனை நீட்டினார்.

“சார், இது இப்ப நடக்கிறது இல்ல. கேமரா வண்டி என்னைக்கோ எடுத்த போட்டோ. போன வருஷம்னு போட்டிருக்கு பாருங்க.”

“ஆபீஸ்ல முன்தேதி போட்டே ரிடையர் ஆனவன் நான். என்கிட்ட தேதி காட்றியா? பெருசா அடிச்சுக் குடு.”

“கல்யாண சைஸா, கண்ணீர் அஞ்சலி சைஸா?”

“எது கம்மியோ அது.”

ஃபிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார். வளவனைப் பெற்ற கன்னியம்மாள் அங்கேதான் இருக்கிறாள். பிள்ளையின் யோக்கியதையைத் தாயிடமே கேட்டுவிடுவது என்று முடிவு. கேட்காவிட்டால் மனைவி உயிரோடு திரும்ப மாட்டாள் என்று தோன்றியது.

வழியில் ஃபிளெக்ஸ் தானாக விரிந்துகொண்டது. பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தார்.

“வீட்டம்மாவா சார்? எப்போ?”

“ரெண்டு மாசம் ஆவுது, போயி.”

“மூஞ்சி தெரியலையே?”

“வெளிநாட்டுல இருக்கா.”

“அடக்கடவுளே! பாடியாவது வந்துச்சா?”

குமரேசன் வாய்விட்டு அழுதார். பஸ்ஸே அழுதது. பூக்கூடையோடு வந்த அம்மா ஒரு முழம் சாமந்தியை அறுத்துப் படத்தின்மேல் போட்டாள். கண்டக்டர் பாட்டை நிறுத்தினார். இறங்கும்போது நாலு பேர் துக்கம் விசாரிக்கக் கூடவே இறங்கிவிட்டார்கள்.

கன்னியம்மாள் வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். குமரேசன் கடலைமேலேயே ஃபிளெக்ஸை விரித்தார்.

“பாருங்க சம்மந்தியம்மா, உங்க புள்ள என் பொண்டாட்டிய வெச்சிருக்கிற லட்சணத்த! பெரியவங்கள நடுத்தெருவுல உக்கார வெக்கிறவங்க மனுஷங்களா? எந்த வளர்ப்புங்க இது?”

தெரு கூடிவிட்டது. கன்னியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். சாமந்தியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“எல்லாம் போங்க. போய் அவங்கவங்க வேலைய பாருங்க” என்று தெருவை விரட்டினாள். உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

“டீ வேணாம். பதில் சொல்லுங்க. இத செஞ்சவங்கள இன்னா செய்யலாம்?”

கன்னியம்மாள் டம்ளரை அவர் கையிலேயே வைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“சூடா குடிங்கண்ணா. இது நாந்தான்; போன வருஷம் நான் அங்க போயிருந்தப்ப, உங்க பொண்ணு வேலைக்குக் கெளம்புனா, என்னை வெளிய விட்டுத்தான் வீட்டைப் பூட்டும்.”