தையல்காரர் பிடுங்கிய கடைவாய்ப்பல்

பார்வையாளர் எண்ணிக்கை: ஒன்று.

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தவள், அதைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். ஆறு வருடமாக வலைப்பூவில் எழுதுகிறாள். ஆறு வருடமும் அங்கே பூஜ்யம்தான். அந்தத் தைரியத்தில்தான் தன் டாக்டரைப் பற்றி ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தாள். ஊசியை எடுத்தால் அவர் கை நடுங்குவது, பல் பிடுங்கும் முன் பாத்ரூமுக்குள் போய் "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று தனக்கே சொல்லிக்கொள்வது, எல்லாம்.

இப்போது ஒரு வாரமாக யாரோ முதல் பதிவிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறார்கள். தினமும் காலை ஒன்பதேகாலுக்கு. டாக்டர் வந்து உட்காருவதும் அதே ஒன்பதேகாலுக்குத்தான்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பேஸ்புக் இருக்கிற காலத்துல பிளாக்கை எவன்டி படிக்கிறான்? அதுல எழுதுறதும் கிணத்துக்குள்ள பேசுறதும் ஒண்ணு."

"கிணத்துக்குள்ள யாரோ இருக்காங்கக்கா!"

"அப்ப அழிச்சுத் தொலை."

அழிக்க மனசு வரவில்லை. 'டாக்டர்' என்று வந்த இடத்திலெல்லாம் 'தையல்காரர்' என்று ஒரே அழுத்தில் மாற்றினாள். அப்புறம்தான் மத்தியானச் சோறு உள்ளே இறங்கியது.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே? 'தையல்காரர் இன்று ஒரு பெரியவரின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். பிறகு தையல்காரரே ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.' சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. சிநேகிதி ஒருத்திக்குத்தான் அனுப்பினேன். அவ பேஸ்புக்ல போட்டுட்டா."

"ஐயோ! எத்தனை பேர் பார்த்தாங்க?"

"மூவாயிரம். இப்ப எங்க ஆபீஸ் குரூப்புக்கே வந்தாச்சு."

அவசரமாக ஒரு விளக்கம் எழுதிப் போட்டாள்: 'எங்கள் தையல்காரர் உண்மையில் தையல்காரர் அல்ல. நல்ல பல் டாக்டர்.'

அவ்வளவுதான். 'எந்த டாக்டர்?' என்று மூவாயிரம் பேரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் டாக்டர் போனைப் பார்த்தபடியே உள்ளே போனார். வழக்கமான "என்னம்மா" கூட இல்லை. அவள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். முதல் டோக்கனை, கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு நிமிடத்தில் டாக்டரின் குரல் கேட்டது.

"கொஞ்சம் உள்ள வாம்மா. கதவைச் சாத்திட்டு வா."

அந்தப் பத்தடி நடப்பதற்குள் மனசுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

டாக்டரின் காது சிவந்திருந்தது. கையில் ஒரு போன். திரையில் அவள் வலைப்பூ.

"இது நீ எழுதினதா?"

"அது... தையல்காரரைப் பத்தி சார்."

டாக்டர் வாயைத் திறந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மாள் முந்திக்கொண்டு, கையை நீட்டித் தன் போனைத் திரும்ப வாங்கினார்.

"இந்தப் பொண்ணைத் திட்டாதீங்க டாக்டர். பல் பிடுங்க பயம்னு போன்ல தேடினப்ப இது கிடைச்சுது; அதுல உங்க எதிர்த்த கடையும் வந்ததால உங்களைப் பத்தித்தான்னு புரிஞ்சுது. ஒரு வாரமா தினம் ஒன்பதேகாலுக்கு உங்க வாசல் வரைக்கும் வந்து, உள்ள வர பயந்துகிட்டு, எதிர்த்த கடையில நின்னு இதைத்தான் படிச்சேன். என்னைவிட நீங்கதான் அதிகமா பயப்படுறீங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் எனக்குத் தைரியமே வந்துச்சு!"