கங்நுங்கில் பார்த்தவர்கள்

2019 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16 ஆம் நாள், சனிக்கிழமை. சியோல் நகரின் வானம் மஞ்சள் புழுதியால் மங்கிக் கிடந்தது. வெப்பநிலை ஒன்பது பாகை.

தாக் மிரான் என்னும் பெண், நாடக அரங்கின் முன்கூடத்தில் நின்றவாறு, கையிலிருந்த படிவத்தின் நான்காம் கேள்வியை மூன்றாம் முறையாகப் படித்தாள். "கங்நுங் நகரக் காட்சியின்போது தாங்கள் அமர்ந்திருந்த இருக்கை எண் யாது?"

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றி, பிறருடைய பார்வைக் குறைகளையெல்லாம் எண்களாக எழுதிப் பழகிய அவளுக்கு, ஓர் எண்ணை எழுதுவது கடினமான செயலன்று. ஆயினும் அவள் அந்த ஊருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் சென்றிருந்தாள். அதுவும் கடற்கரையில் காபி குடிப்பதற்காக.

மறுநாள் 'உப்புப் படகு' என்னும் இசை நாடகத்தின் நிறைவுக் காட்சி. முதன்முதலாக மேடையேறிய நாள் தொட்டு அதன் நாயகியாகப் பாடிவந்த மா யோன்சில் அத்துடன் மேடையிலிருந்து விடைபெறுகிறார். நுழைவுச்சீட்டுகள் யாவும் இணையத்தில் தொண்ணூறு வினாடிகளில் விற்றுத் தீர்ந்தன. அந்தத் தொண்ணூறு வினாடிகளையும் மிரான், தான் இயந்திரமன்று, மனிதப் பிறவியே என்று கணினிக்கு மெய்ப்பிப்பதில் செலவிட்டாள். கோணல் எழுத்துகளை இருமுறை தவறாகப் படித்தாள். கண்ணாடிக் கடைக்காரிக்கு இது பெரும் மானக்கேடு.

அதன் பின்னரே அவ்வறிவிப்பு வெளிவந்தது. பத்தாண்டுகளுக்கு முன், முதல் சுற்றுப்பயணத்தின் இறுதி ஊராகிய கங்நுங்கில் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் வரிசையில் இருபது இருக்கைகள் இலவசம். பழைய சீட்டைக் கொண்டுவர வேண்டும், அல்லது உடன் பார்த்தவர் ஒருவர் சாட்சி கூற வேண்டும்.

கங்நுங் காட்சியை அறியாத இரசிகர் நாட்டில் இல்லை. ஒலிவாங்கிகள் அனைத்தும் பழுதாகிவிட, மா யோன்சில் மேடையின் விளிம்பில் நின்று, வெறும் குரலால் பதினொரு நிமிடம் பாடினார் என்பது அவர்களின் இணைய மன்றத்தில் அசைக்க முடியாத வரலாறு. இரண்டாண்டுகளுக்கு முன் அம்மன்றத்தில், நாம்குங் ஓக் என்னும் ஓய்வுபெற்ற அஞ்சலகப் பெண் அலுவலர், "இப்போது நடக்கும் மறுமேடையேற்றமே சிறந்தது, பழையதைப் புகழ்வோர் தம் இளமையைத்தான் புகழ்கின்றனர்" என்று எழுதினார். நாற்பத்திரண்டு வயதான மிரானுக்கு அது சுருக்கென்று தைத்தது. "கங்நுங்கில் பார்க்காதவர்கள் பேச வேண்டாம். நான் பார்த்தேன்" என்று பதிலெழுதிவிட்டாள்.

மூன்று நிமிடம் கழித்து ஓக் எழுதினார்: "நானும் பார்த்தேன்."

அன்று முதல் மிரானுக்கு மன்றத்தில் 'கங்நுங் அக்கா' என்று பெயர். இன்று அந்தப் பெயருக்கு ஓர் இருக்கை எண் தேவைப்பட்டது.

வரிசையில் பதின்மூவர் நின்றனர். காத்திருப்பின் சலிப்பு விவாதமாக மாறியிருந்தது.

"வெளியூர் ஷோவுலதான்யா உயிர் இருந்துச்சு. இப்ப மேடை சுத்துது, விளக்கு சுத்துது, பார்க்கிற நமக்குத் தலையும் சுத்துது" என்றார் ஒரு வங்கி ஊழியர்.

"அட போங்க! வெளியூர் ஷோவுல வாத்தியக்காரங்க எங்க இருந்தாங்க? டேப்பைப் போட்டு ஓட்டினாங்க. இப்ப ஒன்பது பேர் மேடைக்கு முன்னாடி குழிக்குள்ள உட்கார்ந்து வாசிக்கிறாங்களே, காது கேட்கலையா?" என்றார் மிரானுக்குப் பின்னால் நின்ற ஓக்.

"கங்நுங்லயுமா டேப்பு?"

ஓக் சட்டென்று திருத்திக்கொண்டார். "மத்த ஊரைச் சொன்னேன். கங்நுங்ல நேர்லதான் வாசிச்சாங்க."

"அதானே பார்த்தேன்!" என்று வங்கி ஊழியர் நிறைவடைந்தார்.

மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த கூ தேசிக், தயாரிப்பு நிறுவனத்தில் சென்ற இலையுதிர்காலத்தில்தான் பணியில் சேர்ந்தவன். இந்த நாடகத்தைப் பற்றி அவன் அறிந்தவை யாவும் இரசிகர் மன்றத்தில் படித்தவையே.

"மேடம், பழைய டிக்கெட் இருக்கா?"

"வீடு மாத்தறப்ப தொலைஞ்சு போச்சு தம்பி" என்றாள் மிரான்.

"பரவாயில்ல. சீட் நம்பர் மட்டும் சொல்லுங்க."

"சி வரிசை. பதினொண்ணு."

"எது? சி பதினொண்ணா?" என்று பின்னாலிருந்து ஓக் குரல் உயர்த்தினார். "அது என் சீட்டும்மா! என் படிவத்தைப் பாரு, காலையிலேயே எழுதி வச்சிருக்கேன்."

நானூறு இருக்கைகளில் இவ்வொன்றையா தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மிரான் தன்னையே நொந்துகொண்டாள். எனினும் தளரவில்லை.

"நீங்க கீழே சி பதினொண்ணு அக்கா. நான் மாடியில சி பதினொண்ணு."

கூ தேசிக் பேனாவை நிறுத்தினான். "அந்த அரங்கத்துல மாடி இருக்கா என்ன?"

வரிசை முழுவதும் மிரானைப் பார்த்தது.

"இல்லாம என்ன? நானும் மாடியிலதான் இருந்தேன்" என்றார் வங்கி ஊழியர்.

"மாடி இருந்துச்சு தம்பி" என்று ஓக்கும் எதிர்பாராத விதமாக ஆதரித்தார். "நல்லா ஞாபகம் இருக்கு. பாட்டு நடுவுல மேலேர்ந்து யாரோ இருமினாங்க."

"இருமினாங்களா!" என்று வரிசை முழுவதும் பதறியது.

இந்த இரசிகர்கள் காட்சி நடக்கையில் கல்லாய்ச் சமைந்திருப்பவர்கள். முன்னால் சாய்வதையும் கைப்பையைத் திறப்பதையும் பிழையெனக் கருதுபவர்கள். இருமலோ மன்னிக்கவே முடியாத குற்றம்.

ஓக் மிரானை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மாடியில இருந்தேன்னா உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே. யாரு இருமினது?"

தெரியாது என்றால் மாடி பொய்யாகிவிடும். பிறரைக் காட்டலாம் என்றாலோ, மாடியில் இருந்ததாகச் சொன்ன மற்றொருவர் வங்கி ஊழியர் மட்டுமே, அவர் அதற்குள் கைகளை உயர்த்தி, "நான் இல்லப்பா!" என்று கூறிவிட்டார்.

"நான்தான் இருமினேன்" என்றாள் மிரான்.

"அடிப்பாவி, நீயா!" என்றார் ஓக். "பத்து வருஷமா அந்த இருமலைத் திட்டிக்கிட்டிருக்கேன்!"

"வேணும்னே இருமினேனா? ஒரே புகை அக்கா! மைக்கு எப்படிப் பழுதாச்சுன்னு நினைக்கிறீங்க? ஸ்பீக்கர்ல தீப்பிடிச்சிருச்சு. மாடிக்குத்தானே புகை முதல்ல வரும்?"

கூ தேசிக்கின் கண்கள் விரிந்தன. "தீயா? இது மன்றத்துல எங்கேயும் வரலையே!"

"பெருமைக்குச் சொல்ல வேணாம்னு இருந்தோம்" என்றார் ஓக், சற்றும் தாமதியாமல். "தீயணைக்கிற சிலிண்டரை எடுத்துக் கொடுத்ததே நான்தான்."

"நான் கதவைத் திறந்து விட்டேன்" என்றார் வங்கி ஊழியர்.

வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணொருத்தி, தான் ஈரத் துணி விநியோகித்ததாகப் பணிவுடன் தெரிவித்தாள்.

கூ தேசிக் எழுந்து நின்றான். "மேடம், இது பெரிய விஷயம். முதல் வரிசையே யோன்சில் அம்மா ஆசைப்பட்டதுதான். 'கங்நுங்ல என் பாட்டைக் கேட்டவங்களை ஒருதடவையாவது கண்ணால பார்க்கணும்'னு சொன்னாங்க. சொல்லிட்டு ஒரே சிரிப்பு, கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நாளைக்கு முடிவுல உங்களை மேடைக்குக் கூப்பிடறேன். அவங்க பக்கத்துல நின்னு, புகைக்கு நடுவுல எப்படிப் பாடினாங்கன்னு நீங்களே சொல்லுங்க. நடு இருக்கை உங்களுக்குத்தான்."

அவன் நீட்டிய நுழைவுச்சீட்டை மிரான் வாங்கினாள். முதல் வரிசை, எண் பத்து. அந்த இடத்திலிருந்து பார்த்தால் யோன்சிலின் இமைகளைக்கூட எண்ணிவிடலாம். இந்த மறுமேடையேற்றத்தை அவள் இருபத்தேழு முறை பார்த்திருந்தாள். இருபத்தேழும் பின் வரிசை.

எனினும் யோன்சிலுக்கு அருகில் நிற்பதை அவள் மனத்தில் உருவகித்துப் பார்த்தாள். மன்றத்தில் ஓக்கிடம் பொய் சொல்லலாம். படிவத்தில் எழுதலாம். விடைபெறும் நாளில், அந்த முகத்தைப் பார்த்து, இல்லாத புகையில் பாடினீர்கள் என்று எவ்வாறு சொல்வது?

அவள் சீட்டை மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, என் பேரை அடிச்சிருங்க. நான் கங்நுங்ல நாடகம் பார்க்கல. மாடி, இருமல், தீ எல்லாம் நானா விட்ட கதை."

அனைவரும் ஒருசேரப் பேசினர்.

"ச்சீ! இப்படியும் ஒரு மனுஷியா?" என்றார் ஓக். "உண்மையாப் பார்த்த எங்களுக்கெல்லாம் கெட்ட பேரு."

"சிலிண்டர் எடுத்துக் கொடுத்தேன்னு சொன்னீங்களே அக்கா?"

"அது... வேற ஊர்ல. கங்நுங்ல நான் கண்ணை இமைக்காம உட்கார்ந்திருந்தேன், சி பதினொண்ணுல."

"நான் மாடியிலன்னது வாய் தவறி வந்துச்சு. கீழதான் இருந்தேன், டி நாலு" என்று வங்கி ஊழியரும் திருத்திக்கொண்டார்.

மிரான் மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டினாள். கண் கலங்கியதற்கு மஞ்சள் புழுதியைக் காரணம் காட்ட அவள் இன்னும் வெளியே கூடப் போகவில்லை.

அவள் கதவை அடைவதற்குள் அது வெளியிலிருந்து திறந்தது. முதல் சுற்றுப்பயணத்திலிருந்தே இந்நாடகத்தின் மேடைப் பொருள்களை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் பியோ, வண்டி நிறுத்தும் அனுமதித் தாளில் கையொப்பம் பெறுவதற்காக உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, இத்தனை கூட்டம்?"

"கங்நுங் ஷோ பார்த்தவங்க அண்ணே, நாளைக்கு முதல் வரிசை" என்று கூறிக் கையொப்பமிட்ட கூ தேசிக், கதவருகில் நின்ற மிரானைச் சுட்டினான். "பாவம், இவங்க மட்டும் பார்க்கலையாம்."

பியோ மிரானைப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்களை, முதலிலிருந்து கடைசிவரை, ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அது சரிதானே தம்பி, மத்தவங்க எப்படிப் பார்த்தாங்க? அன்னிக்கு என் லாரியும் யோன்சில் அம்மா வந்த பஸ்ஸும் தேக்வல்யோங் கணவாய்ப் பனியில மறுநாள் காலை வரைக்கும் மாட்டிக்கிட்டு, கங்நுங்ல ஷோவே நடக்கலையே!" என்றார்.

அப்போது நேரம் பிற்பகல் நான்கு மணி பதினேழு நிமிடம்.