தானே வளர்வன

உயர்ந்த மதில்களுக்கு நடுவே செங்கோட்டம் என்றொரு நாடு இருந்தது. அங்கே அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். நிற்பவர் ஒருவர்தான் என்பதால் தேர்தலில் குழப்பம் வந்ததே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி அரண்மனைப் படியேறியது. அரசரின் செருப்பு நனைந்தது. மறுநாள் பேரமைச்சர் அறிவாகரர் சபையில் எழுந்தார்.

“ஆறு யாரைக் கேட்டுப் பெருகியது? மரம் யாரைக் கேட்டு வளர்கிறது? ஆணையின்றித் தானே வளர்வது எதுவும் நாட்டுக்குப் பகை!”

சபை கைதட்டியது. அதைச் சட்டமாக எழுதிக்கொடுத்தவன் ஏகம்பன், அரண்மனைச் சட்ட எழுத்தர். வீட்டுக்கு வந்து அவன் சொன்னபோது மனைவி வஞ்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆற்றின் மேல் கல் பாவினார்கள். கிணறுகள் வற்றின. வேர்கள்தான் நீரைத் திருடுகின்றன என்று மரங்களை வெட்டினார்கள். வெயில் தாங்காமல் முதியவர்கள் தெருவில் சுருண்டு விழுந்தார்கள். பூச்சி பெருகியது என்று நச்சுப்புகை போட்டார்கள். தேனீக்கள் செத்தன; பூசணி பூத்தும் காய்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் சட்டத்தின் கடுமை போதவில்லை என்று சபை வருந்தியது. எல்லாத் துன்பத்துக்கும் மதிலுக்கு வெளியே இருக்கும் காடுதான் காரணம் என்று முரசறைந்தார்கள். பசித்த மக்கள் அதை நம்பினார்கள்.

வஞ்சி இப்போது சிரிப்பதில்லை. அவள் கர்ப்பமாக இருந்தாள். நிறைமாதமாக இருந்த அடுத்த வீட்டு மாதங்கியை வீரர்கள் அழைத்துப் போனார்கள். அவள் திரும்பவில்லை.

“அந்தச் சட்டம் நம்ம புள்ளைக்கும் பொருந்துமாங்க?”

“நான் மரம் செடிய நெனச்சுத்தான் எழுதினேன், வஞ்சி.”

“எழுதினதுல மரம்னு இருக்கா?”

ஏகம்பன் தலை குனிந்தான். “இல்ல.”

அன்று நண்பகலிலேயே வளர்ச்சிக் கண்காணிப்பாளர் இரண்டு வீரர்களோடு வாசலில் நின்றார். நல்ல மனிதரைப் போலத்தான் பேசினார்.

“அஞ்ச வேண்டாம், அம்மையீர். உள்ளே இருப்பது ஆணை பெற்று வளர்கிறதா என்று அறியவே வந்தோம். இல்லையென்றால் வளர்ச்சியை நிறுத்திவைப்போம்.”

“எப்படி நிறுத்துவீங்க?”

“அதற்குத் தனிக் குழு உண்டு.”

வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. வஞ்சி இரு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

ஏகம்பன் முன்னால் வந்தான். “ஐயா, சட்டத்தை எழுதினவன் நான். அதுல ஒரு பிழை இருக்கு. சபையில வச்சுத்தான் சொல்லுவேன். இப்பவே கூட்டிட்டுப் போங்க.”

சட்டத்தில் பிழை உண்டு என்று சொல்வது கர்ப்பத்தைவிடப் பெரிய குற்றம். மூவரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தெருமுனையில் அவன் ஒருமுறை திரும்பி, கொல்லைப்பக்கம் கண்ணைக் காட்டினான்.

வஞ்சி ஓடினாள். கொல்லைக்குப் பின்னால், கல் மூடிய ஆறு வறண்டு, மதிலுக்கு அடியில் இருண்ட குகைபோல் கிடந்தது. வயிறு கல்லில் உரசிவிடாமல் ஒருக்களித்துத் தவழ்ந்து வெளியேறினாள்.

வெளியே காடு இல்லை. ஒரு வண்டி போகும் அகலத்துக்கு வெடித்த மண். அதற்கப்பால் அதே உயரத்தில் வேறொரு நாட்டின் மதில்.

அதன் மேல் நின்ற காவலன் அவளைப் பார்த்துவிட்டான். உதவி கேட்டுக் கை உயர்த்தினாள். அவன் முகம் பயத்தில் வெளுத்தது.

“காட்டுலேர்ந்து ஒண்ணு வந்துடுச்சு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினான். “வயித்துல எதையோ வளத்துக்கிட்டு வருது!”

“நான் மனுசிதான்யா!” என்று வஞ்சி அலறினாள்.

அந்த மதிலுக்குள் முரசு முழங்கத் தொடங்கியது.